பேருந்து நிலையத்தை அரங்காக்கப் போகிறீர்களா? கண்ணாடி போடும் முன் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்

முதல் நாள் அந்தக் கட்டடத்துக்குள் போனதும் நடுவில் நின்று கை தட்டினேன். நாடகக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கை தட்டிப் பார்ப்போம். சத்தம் கூரையில் பட்டு, ஒன்றரை விநாடி போல நின்று, திறந்திருந்த இரண்டு பக்கங்கள் வழியாக வெளியே போய்விட்டது. புறாக்கள் கூட்டமாக எழும்பின. 'இடம் கிடைத்துவிட்டது' என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கைதட்டல் எனக்குச் சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தால் மூன்று வருடத்தில் பாதியும் சேமிப்பில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். கேட்கவில்லை. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பழைய பேருந்து நிலையம், பணிமனை, ரயில் கொட்டகை, கார் நிறுத்துமிடம் என்று எதையாவது அரங்கமாக மாற்றும் கனவு உங்களுக்கு இருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கட்டடம் 1960களின் கடைசியில் எழுந்தது. அலங்காரம் எதுவும் கிடையாது. நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், எட்டு மீட்டர் உயரம், அவ்வளவும் வெறும் கான்கிரீட். ஓரங்களில் மட்டும் தூண்கள், நடுவில் ஒன்றுகூட இல்லை. பேருந்து திரும்புவதற்குத் தூண் தடையாக இருக்கக் கூடாது என்ற ஒரே காரணத்தால் அந்தக் காலப் பொறியாளர்கள் அத்தனை பெரிய கூரையை அப்படித் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நாடகக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பார்வையை மறைக்கத் தூண் இல்லை, செட் ஏற்றிய லாரி நேராக உள்ளே வரலாம். பேருந்துகள் வேறிடத்துக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கிடைத்த விலைக்கு யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்ற நிலையில் உரிமையாளர் இருந்தார்.

முன்னோடிகள் இருக்கிறார்கள் என்ற தைரியமும் இருந்தது. மாஸ்கோவில் கான்ஸ்டன்டின் மெல்னிகோவ் 1920களில் வடிவமைத்த பாக்மெதியெவ்ஸ்கி பேருந்துப் பணிமனை 2008இல் கலை மையமானது, 2012இல் யூத அருங்காட்சியகமானது. பேருந்து பின்னால் நகராமலே வெளியேற வேண்டும் என்பதற்காகச் இணைகரம் மாதிரிச் சாய்த்துப் போட்ட கட்டடம் அது. உள்ளே பொறியாளர் விளாதிமிர் ஷூகோவின் இரும்புக் கூரை. நியூயார்க்கில் ஈரோ சாரினென் வடிவமைத்த டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் முனையம் 2001இல் மூடப்பட்டு 2019இல் ஓட்டலாக மறுபிறவி எடுத்தது. இந்தப் படங்களையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். படத்துக்குக் கீழே எழுதியிருந்த வருடங்களைத்தான் படிக்கவில்லை. 2001க்கும் 2019க்கும் நடுவில் 18 வருடம். பெரிய பணமும் பெரிய நிறுவனங்களும் இருந்தும் அவ்வளவு காலம். நான் போட்ட திட்டம் 14 மாதம்.

பணத்தைத் தொகையாகச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியும். அதனால் கையில் இருந்ததை 100 பங்கு என்று வைத்துச் சொல்கிறேன். அந்த நூறில் பாதி என் சொந்தச் சேமிப்பு, மீதி நன்கொடையும் உதவித்தொகையும். ஆரம்பத்தில் நாங்கள் ஐந்து பேர். கடைசி வரை இருந்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வீடு, குழந்தை, வேலை எல்லாம் இருந்தன, குத்தகைப் பத்திரத்தில் பெயர் மட்டும் இல்லை.

முதல் தவறு அந்தக் குத்தகைப் பத்திரம்தான். வாடகை மிகக் குறைவு, பத்து வருடக் காலம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: கட்டடத்தின் உள், வெளி, கட்டமைப்புப் பழுதுகள் எல்லாமே குத்தகைதாரரின் பொறுப்பு. அதாவது ஐம்பது வருடமாக யாரும் தொடாத கூரைக்கு அன்றிலிருந்து நான்தான் சொந்தக்காரன், விற்கும் உரிமை மட்டும் கிடையாது. இந்த மாதிரிக் கட்டடத்தில் வாடகை குறைவாக இருந்தால் மீதி வாடகை கான்கிரீட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். கூரை, தூண், அடித்தளம் ஆகிய மூன்றும் உரிமையாளர் பொறுப்பில் இருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும்போது கட்டடம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் படங்களோடு பதிவு செய்து பத்திரத்தோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும்போது புதுக் கட்டடம் கேட்பார்கள். அப்புறம், பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் குத்தகையை ரத்து செய்யும் உரிமை வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட என் பத்திரத்தில் இல்லை. பத்து வருடம் என்பதும் போதாது. போட்ட பணம் திரும்ப வருவதற்குள் காலம் முடிந்துவிடும் என்று கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முதல் இரண்டு மாதம் சுத்தம் செய்தோம். புறா எச்சம் கணுக்கால் வரை இருந்தது. துடைப்பத்தை எடுத்துக் காய்ந்த எச்சத்தைக் கூட்டினேன், தூசி மண்டியது, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். எச்சத்தை நனைத்த பிறகுதான் அள்ள வேண்டும், நல்ல முகக்கவசம் இல்லாமல் கிட்டவே போகக் கூடாது, அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் இருக்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரியும். அந்தக் காய்ச்சலுக்கு நான் இன்னொரு வகையில் நன்றி சொல்ல வேண்டும். நான் படுத்திருந்த வாரத்தில்தான் ஒரு நண்பர், 'அந்தக் கூரை ஓரத்துத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் இல்லையா?' என்று கேட்டார். ஆமாம், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார். தகடு மட்டும் இல்லை, சூடான குழாய்களைச் சுற்றியிருந்த பூச்சு, பழைய அலுவலகத் தரை ஓடு, மின்பலகைக்குப் பின்னால் இருந்த அட்டை, எல்லாவற்றிலும் இருந்தது. 1960, 70களில் எழுந்த பெரிய கட்டடம் என்றால், இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் செலவு மொத்தத்தில் தூசு. பரிசோதிக்காமல் உடைத்துவிட்டால் இடம் முழுக்க நார் பரவி, அகற்றும் செலவு பல மடங்காகும். எனக்கு 12 பங்கும் ஐந்து மாதமும் போயின. அந்த ஐந்து மாதமும் வேலை நின்றது, வாடகை நிற்கவில்லை.

அடுத்தது கான்கிரீட். கூரையின் அடிப்பக்கத்தில் ஆங்காங்கே உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து கம்பி தெரிந்தது. காண்ட்ராக்டர் பார்த்துவிட்டு, 'சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும்' என்றார். பூசினோம். ஆறு வாரத்தில் அதுவும் விழுந்தது. அப்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தேடிப் பிடித்தேன். வந்தவர் சின்னச் சுத்தியலால் கூரையை ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடத்தில் கணீர் என்றது, சில இடத்தில் பானையைத் தட்டினது போல டொக்கென்றது. டொக்கென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு ஒரு துண்டை உடைத்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்போமே, அந்தப் பினாப்தலீனைத் தெளித்தார். உள்பக்கம் பளிச்சென்று இளஞ்சிவப்பானது. வெளிப்பக்கம் மூன்று விரல்கடை அளவுக்கு நிறமே மாறவில்லை.

"தம்பி, நிறம் மாறாத பகுதி காரத்தன்மையை இழந்துவிட்டது. கம்பி எங்கே இருக்கிறது பாருங்கள்" என்றார். கம்பி நிறம் மாறாத பகுதிக்குள்தான் இருந்தது. கான்கிரீட் புதிதாக இருக்கும்போது கடும் காரமாக இருக்கும், அதுதான் கம்பியைத் துருவிடமிருந்து காப்பாற்றுகிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடுகிறது. காரம் போனதும், ஈரம் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். மேலே சிமெண்ட் பூசுவது புண்ணை மறைத்துப் பவுடர் போடுவது மாதிரி. பேருந்து நிலையம் என்பதால் வருடக்கணக்கில் புகையும் சேர்ந்திருந்தது, கூரைத் தண்ணீர்க் குழாய்கள் அடைத்துக்கொண்டு ஈரமும் சேர்ந்திருந்தது. பெயர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து, சில இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, தகுந்த கலவையால் நிரப்பி முடிக்க ஏழு மாதம், 21 பங்கு. சுத்தியல், ஒரு புட்டி பினாப்தலீன், அனுபவமுள்ள ஒருவரின் ஒரு நாள், இவ்வளவுதான் கையெழுத்துக்கு முன் நான் செய்திருக்க வேண்டிய செலவு.

அவர் இன்னொரு விஷயத்திலும் என்னைக் காப்பாற்றினார். விளக்கு மாட்டும் குழாய்களுக்காகப் பெரிய பீம்களின் அடியில் துளை போட ஆள் வந்து நின்றபோது, 'நிறுத்துங்கள்' என்று ஓடிவந்தார். அவ்வளவு அகலத்தைத் தூண் இல்லாமல் தாண்டும் பீமுக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். அதில் ஒன்றைத் துளைத்துவிட்டால் பீமின் பலம் போகும், துளைப்பவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பழைய வரைபடம் கிடைக்கும் வரை, அல்லது ஸ்கேன் செய்து வடம் எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும் வரை, பெரிய பீமில் ஆணிகூட அடிக்காதீர்கள். வரைபடத்துக்கு நான் நான்கு அலுவலகங்களுக்கு அலைந்தேன். கடைசியில் அது கட்டடத்திலேயே, பழைய நிலைய மேலாளர் அறைப் பரணில், எலி கடித்த சுருளாகக் கிடந்தது. முதலில் உங்கள் பரணைப் பாருங்கள்.

மேல்தள அலுவலகத்தில் கண்காட்சி வைக்கலாம் என்ற நினைப்பையும் அவர்தான் கலைத்தார். பேருந்தே நின்ற கட்டடம், மனிதர் நிற்க முடியாதா என்று கேட்டேன். பேருந்து நின்றது மண்மேல் போட்ட தரையில். மாடி அலுவலகத்துக்காகப் போட்டது, சதுர மீட்டருக்கு 250 கிலோ போலத்தான் கணக்கு வைத்திருப்பார்கள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு 500 கிலோ கணக்கிட வேண்டும். இன்றும் அந்த மாடியில் எங்கள் உடை அலமாரிகள்தான் இருக்கின்றன.

12ஆம் மாதம் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது டீசல் நாற்றம் வந்தது. கோடியில் இருந்த சின்னப் பணிமனைக்கு அடியில் பழைய எரிபொருள் தொட்டி. எந்தக் காகிதத்திலும் இல்லை. தொட்டியைக் காலி செய்து எடுத்து, ஊறிப்போன மண்ணை அள்ளி, அதைக் கொட்ட அனுமதி பெற்ற இடம் தேடி, 8 பங்கும் மூன்று மாதமும். போக்குவரத்துக் கட்டடம் என்றால் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தரைக்கு மேலே இருப்பதைவிட முதலில் விசாரியுங்கள். அங்கே வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசினால் போதும். தொட்டியைப் பற்றி நான் பின்னால் கேட்டபோது, ஒருவர் 'அதுவா, வடக்கு மூலையில்தானே' என்றார், ஏதோ சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்வது போல.

இதுவரை சொன்னது பணமும் காலமும் தின்ற கதை. ஆனால் இவையெல்லாம் எப்படியும் வந்திருக்க வேண்டிய செலவுகள். நானே தேடிப் போய் வாங்கிக்கொண்ட தவறு கண்ணாடி.

அரங்கம் என்றால் நான்கு சுவர் இருக்க வேண்டும் என்று என் தலையில் இருந்தது. இரண்டு நீளப் பக்கமும் திறந்திருந்த கூடத்தை அப்படியே விடுவதை நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அழகான வரைபடம் போட்டோம், கூரையிலிருந்து தரை வரை கண்ணாடி, இரவில் உள்ளே விளக்கெரிய விளக்குக்கூண்டு மாதிரி ஒளிரும். 30 பங்கு. ஆறு மாதம். 22ஆம் மாதம் கடைசிக் கண்ணாடி ஏறியபோது அழுதுவிட்டேன், அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த நாள் காலை நடுவில் நின்று கை தட்டினேன்.

ஆறு விநாடி. கடிகாரம் வைத்து அளந்தேன், ஆறு விநாடி. 'வா' என்று சொன்னால் அடுத்த சொல் அதன்மேல் விழுந்து, மூன்றாவது சொல் வருவதற்குள் எல்லாம் கூழாகிவிடும். வசனம் பேசும் இடத்தில் ஆறு விநாடி முழக்கம் என்றால் அங்கே நாடகம் போட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு உட்கார்ந்து படித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டியதை. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்பவர் 1890களின் கடைசியில் கண்டுபிடித்த கணக்கு, பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்கம் எத்தனை விநாடி என்று வரும். சபைன் அந்த உறிஞ்சலுக்கு வைத்த அளவுகோல் எது தெரியுமா? திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலுக்குப் போன ஒலி திரும்பி வராது, ஆகவே ஒரு சதுர மீட்டர் திறப்பு என்பது முழுசாக ஒரு அலகு. என் கூடம் 9,600 கன மீட்டர். கண்ணாடி போட்ட பிறகு உறிஞ்சல் மொத்தமே 260 அலகு போல. 9,600ஐ 0.161ஆல் பெருக்கி 260ஆல் வகுத்துப் பாருங்கள், ஆறு வரும். கண்ணாடிக்கு முன்னால்? நாற்பது மீட்டர் நீளம், எட்டு மீட்டர் உயரம், இரண்டு பக்கம், 640 சதுர மீட்டர் திறந்த ஜன்னல். 260ஓடு 640ஐச் சேர்த்து வகுத்தால் 1.7 விநாடி. முதல் நாள் நான் கேட்ட கைதட்டல். அந்தக் கட்டடம் ஏற்கெனவே கிட்டத்தட்ட அரங்கமாகத்தான் இருந்தது. 30 பங்கு செலவழித்து அதை நான் கெடுத்து வைத்திருந்தேன்.

ஒலி மட்டும் இல்லை. தீயணைப்பு ஆய்வாளர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், போன வருடம் வந்தபோது இது திறந்த இடம். புகை தானாக வெளியே போகும், ஆட்களும் எந்தப் பக்கமும் போகலாம். இப்போது மூடிவிட்டீர்கள். புகையை எது வெளியே தள்ளும்?" புகை வெளியேற்றும் விசிறி, தானாகத் திறக்கும் கூரை வழிகள், அகலமான அவசரக் கதவுகள், ஒளிரும் வழிகாட்டிகள், எச்சரிக்கை மணி என்று ஒரு பட்டியல். மூடிய கூடத்துக்கு காற்றோட்ட இயந்திரம் வேறு, பகலெல்லாம் வெயில் வாங்கும் கண்ணாடி என்பதால் குளிர்விப்பும் வேண்டும். இவ்வளவுக்கும் மின்சாரம்? பேருந்து நிலையத்துக்கு இருந்த இணைப்பு குழல்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும்தான். புது டிரான்ஸ்ஃபார்மருக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது தனிக் கதை. திறந்த கொட்டகையை மூடின அந்த நிமிடமே சட்டத்தின் கண்ணில் அது வேறு கட்டடம். அந்தப் புதுக் கட்டடத்துக்கான தேவைகள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். மூடுவதா இல்லையா என்ற முடிவை எடுக்கும் முன், ஒலி நிபுணர், தீயணைப்பு ஆய்வாளர், மின் பொறியாளர் மூவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வையுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் சொல்வார்கள், கூட்டித்தொகை உங்கள் தலையில் விழும்.

26ஆம் மாதம் கணக்குப் பார்த்தேன். வாடகை 9, ஆஸ்பெஸ்டாஸ் 12, கான்கிரீட் 21, தொட்டியும் மண்ணும் 8, கண்ணாடி 30, மின்வேலை 11, ஆலோசனை மற்றும் அனுமதிக் கட்டணங்கள் 9. கூட்டினால் நூறு. மேடை இல்லை, நாற்காலி இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. எதிர்பாராச் செலவுக்கு என்று பத்துப் பங்கு ஒதுக்கியிருந்தேன். இந்த வயதுக் கட்டடத்துக்கு முப்பதுக்குக் குறைவாக ஒதுக்குவது ஏமாற்றுவேலை, அதுவும் நம்மையே. பூட்டிவிட்டு நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. யாராவது 'அரங்கம் எப்போது திறக்கும்' என்று கேட்டால் எரிச்சல் வரும். தூக்கம் போனது. நண்பர்களைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிப் போனேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரித் திட்டத்தில் இறங்குபவர்கள் கட்டட ஆய்வுக்கு ஆள் வைப்பது போல, வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததற்குக் காரணம் இரண்டு இடங்கள். லண்டனின் பெக்கமில் ஒரு பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளங்களில் 2007லிருந்து கோடைக்காலத்தில் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இசைக்குழு வாசிக்கும்போது பக்கத்தில் ரயில் போகும் சத்தமும் சேர்ந்து கேட்கும். அவர்கள் அந்தத் தளத்தைச் சுவர் வைத்து மூடவில்லை. பிரஸ்ஸல்ஸில் 1930களில் எழுந்த சிட்ரோயன் கார் நிறுவனத்தின் பிரம்மாண்ட ஷோரூமை அரசு 2015இல் வாங்கியது. அருங்காட்சியகமாக மாற்றும் பெரிய வேலைக்கு முன், 2018இல் இருந்தது இருந்தபடியே ஒரு வருடத்துக்கும் மேல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பணம் உள்ளவர்களே முதலில் அப்படியே பயன்படுத்திப் பார்க்கிறார்கள். நான் ஒரு நிகழ்ச்சிகூட நடத்திப் பார்க்காமல் 30 பங்குக்குக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு மாதம், தற்காலிக அனுமதி வாங்கி, வாடகை விளக்கோடு நான்கு நிகழ்ச்சி போட்டிருந்தால், எங்கே வெயில் விழுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து தெருச் சத்தம் வருகிறது, கழிவறை வரிசை எவ்வளவு நீள்கிறது என்பதெல்லாம் இலவசமாகத் தெரிந்திருக்கும்.

30ஆம் மாதம் தெற்குப் பக்கக் கண்ணாடி முழுவதையும் கழற்றி விற்றேன். வாங்கின விலையில் கால்வாசிதான் கிடைத்தது. அது மேடை விளக்குக்கும் நாற்காலிக்கும் சரியாகப் போனது. தெருச் சத்தம் வரும் வடக்குப் பக்கத்தில் மட்டும் கண்ணாடியை விட்டுவைத்து, உள்பக்கம் கனத்த திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சும் கனிமக் கம்பளிப் பலகைகளும் தொங்கவிட்டோம். ஏறக்குறைய 300 சதுர மீட்டர். ஆட்கள் இருநூறு பேர் உட்கார்ந்தால் அவர்களே நூறு அலகு உறிஞ்சுவார்கள். முழக்கம் ஒன்றரை விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு நீளப் பக்கம் முழுக்கத் திறந்ததும் தீயணைப்பு ஆய்வாளரின் பட்டியலும் பாதியானது. பெருமழையிலும் கடும் குளிரிலும் நிகழ்ச்சி வைக்க முடியாது, ஒலிபெருக்கி வைத்த கச்சேரிக்கு அக்கம்பக்கத்தார் சம்மதிக்க மாட்டார்கள். வருடத்தில் ஏழு மாதம்தான் ஓடும் என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற வரவுசெலவு எழுதினேன். அதுவரை பன்னிரண்டு மாதமும் அரங்கு நிறையும் என்று எழுதி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் தீர்ந்ததால் தப்பிப் பிழைத்த விஷயமும் ஒன்று உண்டு. தண்ணீர் வடிவதற்காக இரண்டு பக்கத் தரையும் நடு வாய்க்காலை நோக்கிச் சரிந்திருந்தது, ஓரத்துக்கும் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் வித்தியாசம். நாற்காலி போட்டால் முன்னால் நழுவும். அதைக் கான்கிரீட் கொட்டிச் சமன் செய்வது முதல் திட்டத்தில் இருந்தது. கொட்டப் பணமில்லை. ஒரு நாள் ஒத்திகையின்போது நடிகர்கள் வாய்க்காலையொட்டி நடுவில் நின்றார்கள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பின்வரிசைக்காரருக்கும் தலை மறைக்கவில்லை. இன்று மேடை அங்கேதான். நாற்காலிகளின் முன்கால்களுக்கு மட்டும் கட்டை வைத்திருக்கிறோம்.

தீராத வருத்தமும் ஒன்று உண்டு. சுத்தம் செய்த முதல் மாதத்தில் ஊர்ப்பெயர்ப் பலகைகள், புறப்படும் நேரம் எழுதிய தகடுகள், விசாரணைக் கூண்டின் மரக் கவுண்டர் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டேன். திறப்பு நாளன்று வந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் அரை மணி நேரம் அந்தக் கூண்டு இருந்த இடத்தையே தேடினார். நான் சொல்லவில்லை. கட்டடத்தை எடுத்த முதல் வருடத்தில் எதையும் வெளியே அனுப்பாதீர்கள், ஒரு மூலையில் குவித்து வையுங்கள். மிஞ்சியது தரையில் பெயின்ட்டால் எழுதிய 1 முதல் 9 வரையிலான நடைமேடை எண்கள் மட்டும். அவற்றையே இருக்கை வரிசை எண்ணாக வைத்துக்கொண்டோம்.

முதல் நாடகம் 37ஆம் மாதம். இருநூறு இருக்கையில் அறுபது பேர். நாடகம் நன்றாக இல்லையோ என்று பயந்தேன். வந்தவர்களிடம் கேட்டால், வருவதற்கு வண்டி இல்லை என்றார்கள். பேருந்து நிலையம் காலியானபோது அந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பேருந்துகளும் போய்விட்டன என்பது மூன்று வருடமாக என் மண்டையில் ஏறவேயில்லை. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய கட்டடத்துக்கு, ஒரு நிறுத்தம் கேட்டு மனுக் கொடுத்தேன். கள ஆய்வுக்கு வந்த அதிகாரி, 'இங்கே பேருந்து திரும்ப இடம் இருக்குமா?' என்று கேட்டார். பதினான்கு மாதம் கழித்து வாசலில் ஒரு கம்பமும் பலகையும் நட்டார்கள். கடைசிப் பேருந்து இரவு 9.40க்கு. எங்கள் நாடகங்கள் எல்லாம் 9.30க்குள் முடிகின்றன.